ஃபுளோரிடா வாசகருக்குச் சொன்ன வாஸ்து பதிலில் விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் வாஸ்து கேள்வி பதில் பகுதியை விடாமல் படிக்கிறவள் நான். சென்ற மாதம் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் வீடு வாங்கியிருக்கும் ஒரு வாசகர், தன் வீட்டுக்குக் கிழக்கே வாசலே இல்லை, வடகிழக்கு மூலை இருட்டாகக் கிடக்கிறது, பரிகாரம் உண்டா என்று கேட்டிருந்தார். கிழக்குச் சுவரை உடைத்து ஒரு கதவு வையுங்கள், முடியாவிட்டால் ஈசானியத்தில் ஒரு ஜன்னலாவது திறந்துவிடுங்கள் என்று பதில் வந்திருந்தது. அதோடு நின்றிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். சொந்த வீடு, சின்ன வேலை, இதற்கெல்லாம் அரசு அனுமதி தேவைப்படாது, ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

வாஸ்துவைப் பற்றி எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. கடலூரில் எங்கள் வீட்டு நிலைவாசலை நல்ல நாள் பார்த்து, மஞ்சள் தடவித்தான் நிறுத்தினோம். நான் சொல்ல வருவது காற்றைப் பற்றி.

பொதுப்பணித் துறையில் வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். வேலையில் சேர்ந்தபோது டிரேசிங் தாளும் மையும்; ஓய்வு பெறும்போது கம்ப்யூட்டர். இப்போது மகள் வீட்டில், ஃபுளோரிடாவின் தென்கிழக்கே புரோவர்டு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். 1970-களில் கட்டிய ஒற்றைத் தள வீடு. ஹாலோ பிளாக் சுவர், மேலே மரக் கூரை. பின்பக்கத்து அறைக்கு வெளிச்சம் போதவில்லை. அங்கே ஒரு ஜன்னலும் தோட்டத்துப் பக்கம் ஒரு கதவும் புதிதாகத் திறந்தோம். மகளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். வந்த ஆட்களை எல்லாம் நான்தான் வரவேற்றேன், நான்தான் வழியனுப்பினேன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

முதலில் வந்தவர் உங்கள் பகுதியில் எழுதியவரின் உடன்பிறந்தவர் போலவே பேசினார். சனிக்கிழமை சுவரை அறுத்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் நிற்கும், பணமாகக் கொடுத்தால் விலையும் குறைவு. பெர்மிட் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். பின்பக்கச் சுவர்தானே அம்மா, தெருவிலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

தெருவிலிருந்து யாரும் பார்க்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊர்க்காரர்களுக்குக் காற்று எந்த வழியாக வீட்டுக்குள் வரும் என்பதை நான் சொல்லித்தரவா வேண்டும்? சூறாவளி வீட்டைச் சுற்றி அடிக்கும்போது, காற்று நேராக மோதும் சுவரை உள்ளே தள்ளுகிறது. மற்ற பக்கச் சுவர்களையும் கூரையையும் வெளியே இழுக்கிறது. கதவும் ஜன்னலும் மூடியபடி நின்றால் கூரைக்கு வரும் இழுவை அந்த அளவோடு போகும். காற்றடிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல் உடைந்தாலும் போதும். காற்று உள்ளே புகுந்து, காகிதப் பையை ஊதுவதுபோல் வீட்டை உள்ளிருந்து ஊதுகிறது. வெளியே மேலிருந்து இழுவை, உள்ளே கீழிருந்து உந்தல். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்தால் கூரை கிளம்பிவிடும். கூரை போனால் சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கே ஜன்னல் என்பது வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை. கூரை நிற்குமா நிற்காதா என்பதும் அதில்தான் இருக்கிறது. புதிதாக ஒரு ஜன்னல் வைக்கிறவர், உடையக்கூடிய இடம் ஒன்றைப் புதிதாகச் சேர்க்கிறார்.

காற்று வரும்போது எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகிவிடும், கண்ணாடியில் பெருக்கல் குறிபோல் டேப் ஒட்டினால் உடையாது என்று நம்முடைய தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் இன்னமும் சொல்கிறார்கள். இரண்டுமே தப்பு. டேப் ஒட்டிய கண்ணாடியும் உடையும், பெரிய பெரிய துண்டுகளாக.

இந்தப் பாடத்தை அந்த ஊர் பட்டுத்தான் படித்தது. 1992 ஆகஸ்ட் 24 விடியற்காலையில் ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே, ஹோம்ஸ்டெட் பக்கம் கரையேறியது. மணிக்கு 165 மைல், அதாவது சுமார் 265 கிலோமீட்டர் வேகம். ஹோம்ஸ்டெட் இருக்கும் டேட் கவுண்டியில் மட்டும் 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் முற்றாக அழிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேல் சேதமாயின. அவ்வளவு பெரிய காற்றுக்கு எந்த வீடுதான் நிற்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டிருக்கலாம். விடாதது ஒரு செய்தித்தாள் என்பதால் உங்களுக்கு எழுதும்போது அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மயாமி ஹெரால்டு சேதமான வீடுகளின் பட்டியலையும் காற்றின் வேகத்தையும் கட்டிய ஆண்டையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தது. பழைய வீடுகள் தாங்கியிருந்தன. 1980-க்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டியவைதான் அதிகம் அடிபட்டிருந்தன. கூரைப் பலகையை ஆணிக்குப் பதில் ஸ்டேப்பிள் பின்களால் அடித்திருந்தார்கள், பல இடங்களில் அதுவும் கீழே இருக்கும் மரத்தில் படவே இல்லை. ஆய்வாளர்கள் ஒரே நாளில் பார்த்து முடிக்கவே முடியாத எண்ணிக்கையில் வீடுகளைப் பார்த்ததாகக் கணக்கு எழுதியிருந்தார்கள். 1993-ல் அந்தப் பத்திரிகைக்குப் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. 1994-ல் தெற்கு ஃபுளோரிடாவின் கட்டட விதிகளில், வெளிச்சுவரின் ஒவ்வொரு திறப்பும் பறந்துவரும் பொருளைத் தாங்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுமைக்கும் ஒரே விதி நூல் வந்தது. அதில் மயாமி-டேட், புரோவர்டு இரண்டு கவுண்டிகளை மட்டும் அதிவேகச் சூறாவளி மண்டலம் என்று தனியாகப் பிரித்துக் கடுமையை இன்னும் கூட்டிவைத்திருக்கிறார்கள். சாதாரண வீட்டுக்கே மயாமி-டேட்டில் மணிக்கு 175 மைல், புரோவர்டில் 170 மைல் காற்றுக்குக் கணக்குப் போட வேண்டும்.

ஜன்னலை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? நாலு கிலோ எடையுள்ள ஒரு மரச் சட்டத்தை, நம் ஊரில் சென்ட்ரிங்குக்குப் போடும் ரீப்பர் மாதிரியானதை, காற்றுப் பீரங்கியில் வைத்து விநாடிக்கு 50 அடி வேகத்தில் கண்ணாடி மேல் சுடுகிறார்கள். தரையிலிருந்து 30 அடி உயரம் வரைக்கும் இந்தச் சோதனை. அதற்கு மேல் உள்ள மாடிகளுக்குச் சின்ன எஃகுக் குண்டுகள், ஏனென்றால் அந்த உயரத்துக்குக் கட்டை பறக்காது, மொட்டைமாடிச் சரளைதான் பறக்கும். கண்ணாடி விரிசல் விடலாம், குற்றமில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் கிழிந்து வழி விடக்கூடாது. அதே அடிபட்ட ஜன்னலை விடாமல், உள்ளேயும் வெளியேயுமாக ஆயிரம் தடவைக்கு மேல் காற்றழுத்தம் கொடுத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். அதையும் தாங்கினால்தான் மயாமி-டேட் கவுண்டி ஏற்புச் சான்று தரும். அந்தச் சான்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. கடையில் அழகாக இருக்கிறது என்று ஒரு ஜன்னலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் ஜன்னலைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியது மாட்டுவது ஒரு வேலை. அதற்கும் பெர்மிட் வேண்டும்தான், ஆனால் ஜன்னலின் சான்றும் எத்தனை அழுத்தம் தாங்கும் என்கிற எண்ணும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஜன்னலே இல்லாத இடத்தில் சுவரை அறுத்துத் திறப்பது வேறு வேலை. அதற்கு ஃபுளோரிடாவில் பதிவுபெற்ற பொறியாளரோ ஆர்க்கிடெக்டோ வரைந்து கையெழுத்திட்ட வரைபடம் வேண்டும். அது ஏன் என்று வரைபடத்தை விரித்துப் பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வீடுகளின் பிளாக் சுவரை வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பூச்சு. உள்ளே அப்படி இல்லை. சில பிளாக்குகளின் பொந்து வெற்றாக இருக்கும். சில பொந்துகளில் அடித்தளத்திலிருந்து நேர்க்கம்பி எழுந்து, காங்கிரீட் நிரப்பி, சுவரின் தலையில் ஓடும் காங்கிரீட் உத்தரத்தில் போய்ச் சேரும். அந்த உத்தரத்தில் பதித்த இரும்புப் பட்டைகள்தான் கூரை மரத்தைப் பிடித்திருக்கின்றன. கூரையிலிருந்து பட்டை, பட்டையிலிருந்து உத்தரம், உத்தரத்திலிருந்து நிரப்பிய பொந்துக் கம்பி, கம்பியிலிருந்து அடித்தளம். காற்று கூரையை மேலே இழுக்கும்போது வீட்டை மண்ணோடு கட்டிவைத்திருப்பது இந்த ஒரு தொடர்தான். ஈசானியத்தில் ஜன்னல் என்று ரம்பத்தை வைக்கிறவருக்கு, தான் அறுப்பது வெற்றுப் பிளாக்கா, கூரையைப் பிடித்திருக்கும் கம்பியா என்று எப்படித் தெரியும்? அதிலும் மூலைக்குப் பக்கத்தில். சுவரின் மூலையில்தான் காற்றின் இழுவை அதிகம். அதற்கென்று கணக்கில் தனி மண்டலமே உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு ஜன்னலில் நடுச்சுவரில் இருப்பது தாங்க வேண்டிய அழுத்தத்துக்கு ஒரு எண், மூலையில் இருப்பதற்கு அதைவிடப் பெரிய எண். ஈசானியம் என்பதே மூலை. உங்கள் பகுதியில் எழுதுகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

எங்கள் வரைபடத்தில் பொறியாளர் என்ன செய்திருந்தார் என்றால், கதவு வரும் இடத்தில் ஓடிய ஒரு நிரப்பிய பொந்தைக் கண்டுபிடித்து, அதை அறுப்பதற்கு ஈடாகத் திறப்பின் இரண்டு பக்கமும் புதிதாகப் பொந்துகளைத் திறந்து கம்பி இறக்கி, அடித்தளத்தில் துளையிட்டு எபாக்ஸிப் பசையால் ஒட்டி, காங்கிரீட் ஊற்றச் சொல்லியிருந்தார். மேலே லிண்டல். லிண்டலின் இரண்டு முனையும் சுவரில் எத்தனை அங்குலம் உட்கார வேண்டும் என்பது வரை எழுதியிருந்தது. கோடுகள் அவ்வளவு சுத்தம். எங்கள் காலத்துச் செயற்பொறியாளர் யாராவது பார்த்திருந்தால் இந்தப் பையனை வட்ட அலுவலகத்துக்கு மாற்றுங்கள் என்று சொல்லியிருப்பார்.

கதவு என்று வந்தால் ஜன்னலைவிடக் கூடுதல் சம்பிரதாயம். வெளியே இறங்கியதும் கால் வைக்க ஒரு சமதளம் வேண்டும். மூன்று அடியாவது நீளம். வாசலுக்கு வெளியே ஒரு விளக்கும் உள்ளே அதற்கு ஸ்விட்சும் வேண்டும். அது மின்வேலை, அதற்குத் தனிப் பெர்மிட். வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் இருந்து, புதுக் கதவு அதை நோக்கித் திறந்தால் குழந்தைகள் தனியாகப் போய்விடாமல் இருக்க வழி செய்ய வேண்டும். அலாரம் அதில் ஒன்று. எங்கள் வீட்டில் குளம் இல்லை, தப்பித்தோம். வாஸ்துக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலைக்கதவு உள்ளே பார்த்துத் திறக்க வேண்டும் என்பார்களே, தெற்கு ஃபுளோரிடாவில் பல வீட்டில் வாசல் கதவு வெளியே பார்த்துத்தான் திறக்கிறது. காற்று தள்ளத் தள்ளக் கதவு நிலையோடு இறுகும், மழைத் தண்ணீரும் உள்ளே வராது. உள்ளே திறக்கும் கதவும் சோதனையில் தேறியிருந்தால் வைக்கலாம், தடையில்லை. எங்கள் மாப்பிள்ளை வெளியே திறப்பதைத்தான் எடுத்தார். லட்சுமி உள்ளே வர யோசிக்க மாட்டாளா என்று சம்பந்தியம்மா போனில் கேட்டார்கள். வருகிறவள் கூரையோடு இருக்கும் வீட்டுக்குத்தானே வருவாள் என்றேன்.

அறை படுக்கையறையாக இருந்தால் ஜன்னல் அளவிலும் கை வைக்க முடியாது. தீ விபத்தில் ஆள் வெளியேற, திறந்த நிலையில் 5.7 சதுர அடி இடைவெளி, தரைமட்ட அறைக்கு 5 சதுர அடி. அடிச்சட்டம் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. வாஸ்துக்காக உயரத்தில் வைக்கும் சின்ன வென்டிலேட்டர் இந்தக் கணக்கில் சேராது.

பிறகு ஆய்வு. ஒரே ஒரு தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆய்வு இல்லை. கம்பி இறக்கியதும், காங்கிரீட் ஊற்றும் முன் ஒன்று. ஜன்னலைச் சுற்றிப் பிளாக்கில் அடிக்கும் மரச் சட்டத்தை அங்கே பக் என்கிறார்கள். அதைப் பார்க்க ஒன்று. ஜன்னலை நிறுத்தி, பூச்சு மூடும் முன் திருகாணிகளைப் பார்க்க ஒன்று. கடைசியில் முடிவு ஆய்வு. திருகாணி ஆய்வுக்கு வந்தவர் டேப்பை வைத்து ஒவ்வொரு இடைவெளியையும் அளந்தார். ஒரு பக்கத்தில் இரண்டு திருகாணி பிளாக்கின் விளிம்புக்கு மிக அருகே போயிருந்தது. தேறாது என்று தள்ளிவிட்டார். கான்ட்ராக்டர் ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். எனக்கு மொழி புரியவில்லை, ராகம் புரிந்தது. ஆனால் பாருங்கள், நாலு கிலோ மரக்கட்டையைத் தாங்கிய கண்ணாடி சுவரோடு ஒட்டி நிற்பது அந்தத் திருகாணியின் பிடியில்தான். சோதனைச் சாலையில் தேறிய ஜன்னலைச் சட்டத்தோடு அப்படியே பிடுங்கி எறியக் காற்றுக்கு வேறு வழி தேவையில்லை. பூச்சு பூசிய பிறகு அந்த இரண்டு திருகாணியை யாரும் பார்த்திருக்க முடியாது.

இப்படிச் சொல்வதால் அந்த ஊர் அலுவலகத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். வரைபடத்தைப் பார்க்கிறவர் ஒருவர் ஒரு குறை சொல்லித் திருப்புவார். சரிசெய்து கொடுத்தால் அடுத்தவர் வேறொரு குறை சொல்லித் திருப்புவார். எல்லாக் குறையையும் முதல் தடவையே எழுதித் தந்தால் என்ன கை தேய்ந்துவிடுமா? எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான், ஆகையால் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்பட்டேன். கட்டைச் சோதனையில் தேறும் கண்ணாடியை இம்பாக்ட் கண்ணாடி என்கிறார்கள்; அது சாதாரணக் கண்ணாடியைவிட விலை மிகக் கூடுதல். பொறியாளர் கட்டணம், பெர்மிட் கட்டணம், குடியிருப்போர் சங்கம் இருக்கும் இடத்தில் அவர்கள் ஒப்புதல், இவ்வளவும் சேர்ந்தால் பென்ஷனில் வாழும் முதியவர்கள் பெர்மிட் இல்லாமல் செய்துகொடுக்கிறவனைத் தேடிப் போவதில் வியப்பில்லை. ஏற்கெனவே இருக்கும் ஜன்னல்களை மாற்ற மை சேஃப் ஃபுளோரிடா ஹோம் என்கிற மாநிலத் திட்டம் உண்டு. பொதுவாக வீட்டுக்காரர் ஒரு டாலர் போட்டால் அரசு இரண்டு டாலர், அதிகபட்சம் 10,000 டாலர். பணம் ஒதுக்கிய வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. விதியைக் கடுமையாக்கத் தெரிந்தவர்களுக்கு அதைச் சின்னக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் வைக்கத் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பெர்மிட் இல்லாமல் செய்தால் என்ன ஆகும்? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் தரப்பில் நகர அலுவலகப் பதிவுகளைத் தேடுவார்கள். பழைய வரைபடத்தில் இல்லாத கதவு புகைப்படத்தில் இருக்கும். பின்னோக்கிப் பெர்மிட் எடுக்கலாம், பல ஊர்களில் கட்டணம் இரட்டிப்பு. திருகாணியைக் காட்டுவதற்காகப் பூசிய பூச்சை உடைக்க வேண்டியும் வரும். அபராதம் கட்டாமல் விட்டால் வீட்டின் மீதே பாத்தியதை ஏறும். காப்பீட்டில் இன்னொரு கண்ணி. காற்றுச் சேதத்துக்கான பிரீமியத் தள்ளுபடிக்கு ஆய்வாளர் வந்து படிவம் நிரப்பும்போது, வீட்டுத் திறப்புகளில் எது மிகப் பலவீனமோ அதை வைத்துத்தான் முழு வீட்டுக்கும் தரம் போடுகிறார்கள். மற்ற ஜன்னல் அத்தனைக்கும் இம்பாக்ட் கண்ணாடி போட்டுவிட்டு, சனி ஞாயிறில் திறந்த அந்த ஈசானிய ஜன்னல் ஒன்றில் சாதாரணக் கண்ணாடி இருந்தால், திறப்புகளின் பாதுகாப்புக்கான தள்ளுபடி போய்விடும்.

இன்னொரு தந்திரத்தையும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லைசென்ஸ் இல்லாத சிலர், நீங்களே ஓனர் பில்டர் என்று பெர்மிட் எடுத்துவிடுங்கள், வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். தன் வீட்டில் தானே வேலை பார்க்கிறவருக்கு ஃபுளோரிடா சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போட்டதும் அந்த வேலைக்குப் பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையில். வேலை முடிந்து ஓராண்டுக்குள் விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ, விற்கத்தான் கட்டினீர்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வந்த ஆள் ஏணியிலிருந்து விழுந்தாலும் உங்கள் பாடு. கான்ட்ராக்டரின் லைசென்ஸ் எண்ணை மாநில இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பெர்மிட்டை அவர் பெயரில் எடுக்கத் தயங்குகிறவரிடம் சுவரைக் கொடுக்க வேண்டாம்.

ஃபுளோரிடாவின் மற்ற பகுதிகளில் விதி இத்தனை கடுமை இல்லை, ஆனால் கடலோரத்தின் பெரும்பகுதியில் பறக்கும் பொருளுக்கான பாதுகாப்பு கேட்கத்தான் செய்கிறார்கள். டெக்சாஸ் கடலோரத்தில் முறையே வேறு. அங்கே 14 கடலோரக் கவுண்டிகளிலும் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியின் கிழக்கு ஓரத்திலும் காற்றுச் சேதக் காப்பீட்டுச் சங்கத்தின் பாலிசி வேண்டுமென்றால், வீட்டில் செய்த மாற்றத்துக்குத் தனிச் சான்று கேட்பார்கள். ஜன்னலும் கதவும் அதில் சேரும். ஹூஸ்டன் பக்கம் நம் மக்கள் நிறையப் பேர் இருப்பதால் இதையும் சொன்னேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரில் அடித்தபோது நான் வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவில் கூரை போன வீடுகளையும் பண்ருட்டிப் பக்கம் சாய்ந்து கிடந்த பலா, முந்திரியையும் பார்த்தவள். மேல்நிலைத் தொட்டிக்கும் உயரமான கட்டடத்துக்கும் காற்றுக் கணக்குப் போட்டு வரைந்திருக்கிறேன். ஒரு வீட்டு ஜன்னலுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று பணியில் இருந்த வரைக்கும் எந்தக் கோப்பிலும் கண்டதில்லை. அது வேறு கடிதத்துக்கான விஷயம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாஸ்துப் பகுதியிலேயே, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்: ஃபுளோரிடாவில் வெளிச்சுவரில் புதிதாகக் கதவோ ஜன்னலோ திறக்கப் பெர்மிட் கட்டாயம், இடத்தைக் குறிக்கும் முன் பொறியாளரைக் கேளுங்கள், ஓரடி இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னால் வாஸ்துக்காரர் ஒத்துப்போகலாம், உத்தரமும் கம்பியும் ஒத்துப்போகாது என்று. அந்த வாசகர் ஏற்கெனவே உடைத்திருந்தால், பயந்துகொண்டு மூடி மறைக்க வேண்டாம். நகர அலுவலகத்தில் பின்னோக்கிப் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கட்டும், அதுவரைக்கும் அந்தத் திறப்புக்கு ஷட்டர் ஒன்றை அளவெடுத்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சூறாவளிக் காலம் ஜூன் 1-ல் தொடங்குகிறது, நவம்பர் 30 வரை. மே மாதக் கடைசியில் ஷட்டர் போடும் ஆட்கள் யாரும் போனை எடுப்பதில்லை.

மகள் வீட்டு விவரம் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைதொழில் அலுவலர்,
கடலூர் (இப்போது புரோவர்டு கவுண்டி, ஃபுளோரிடா)